அடுத்த பெருந்தொற்றில் நானிகளுக்குத் தடுப்பூசி முன்னுரிமை தர வேண்டுமா?

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்து)

நண்பர்களுக்கு வணக்கம். 2021 தொடக்கத்தில் எங்கள் எட்டு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா நானியாக, அதாவது வீட்டுக்கே வந்து குழந்தையைக் கவனிக்கும் பணியாளராக, வந்துகொண்டிருந்தார். காலையில் எங்கள் வீடு, மாலையில் வேறொரு குடும்பத்தின் இரட்டைக் குழந்தைகள். அந்த ஆண்டு மார்ச் 2ஆம் தேதி அதிபர் பைடன், ஆசிரியர்களுக்கும் குழந்தைப் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் மாத முடிவுக்குள் கொரோனா தடுப்பூசி ஒரு தவணையாவது போட்டுவிட வேண்டும் என்று அறிவித்தபோது, இனி அவருக்கும் கிடைத்துவிடும் என்று நம்பி நானே காரில் அழைத்துச் சென்றேன். தடுப்பூசி மையத்தில் குழந்தைகள் காப்பகத்தின் அடையாள அட்டை கேட்டார்கள். வீட்டில் வேலை செய்பவரிடம் அது எப்படி இருக்கும்? திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் வழி முழுவதும் அவர் ஒன்றும் பேசவில்லை.

கூட்டாட்சி அரசின் அந்த உத்தரவில் "உரிமம் பெற்ற" பராமரிப்பாளர்கள் என்ற சொல் இருந்ததைப் பின்னர்தான் படித்தேன். மருந்து குறைவாக இருக்கும் காலத்தில், காப்பக ஊழியருக்கு நிகராக நானிகளையும் வரிசையில் நிறுத்துவது நியாயம்தானா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1

உங்கள் வருத்தம் புரிகிறது; ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. நான் பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரிபவன். 2020 டிசம்பர் 20 அன்று அமெரிக்க அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு இரண்டாம் கட்டத்திற்குப் பரிந்துரைத்த பட்டியலில் 75 வயதைக் கடந்தோர் சுமார் 1.9 கோடிப் பேர், முன்களப் பணியாளர்கள் சுமார் 3 கோடிப் பேர். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் அனைவருக்கும் போதுமான மருந்து நாட்டில் இல்லை. இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள் என்னும்போது, முப்பது வயதுப் பெண்ணுக்குப் போடும் ஒவ்வோர் ஊசியும் எந்த முதியவரின் கையிலிருந்து போகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பிரிட்டன் வயதையே முதன்மை அளவுகோலாகக் கொண்டது. மருத்துவ, முதியோர் பராமரிப்புப் பணியாளர்களைத் தவிர மற்றத் தொழில்களுக்கு, ஆசிரியர்களுக்குக்கூட, தனி இடம் தரவில்லை. வயதை நிரூபிக்க எவரும் முதலாளியிடம் கடிதம் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதும் அதன் பெரிய நன்மை.

காப்பக ஊழியர்கள் 57,000 பேரிடம் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வும், குழந்தைகளோடு பணியாற்றியதால் தொற்று அபாயம் கூடியதாகக் காட்டவில்லை.

பதில் 2

மேலே உள்ளவருக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. அந்த ஆய்வு நடந்தது 2020 மே, ஜூன் மாதங்களில். சிறு குழுக்கள், காய்ச்சல் பரிசோதனை, கிருமிநாசினி என்று கட்டுப்பாடுகளோடு இயங்கிய காப்பகங்கள் பற்றியது அது. நானிக்கு நோய் வரும் வழி பெரும்பாலும் குழந்தை அல்ல, குழந்தையின் பெற்றோர். அலுவலகத்திலிருந்து திரும்பும் தந்தை, அவருடைய வீட்டு விருந்தினர், பிறகு பேருந்து, பிறகு அடுத்த வீடு.

பதில் 3

நான் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒன்பது ஆண்டுகள் நானியாக இருந்தவள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வயதானவர்களுக்கு முதலில் போட வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காப்பக ஊழியருக்கு இடம் உண்டு என்று முடிவுசெய்த பிறகு, அதே கைக்குழந்தைக்கு அதே பாலைப் புகட்டி, அதே அணையாடையை மாற்றும் பெண்ணுக்கு, கூரை வேறு என்பதற்காக இடம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு முகக்கவசம் கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான தடுப்பூசியோ 2022 ஜூனில்தான் வந்தது. அதுவரை தூக்கி வைத்திருக்கும் பெரியவரின் தடுப்பூசிதான் அந்தப் பிள்ளைக்கும் ஓர் அரண்.

வீட்டு வேலையைச் சட்டம் வேலையாகப் பார்க்காதது புதிதல்ல. 1938இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திற்குள் வீட்டுப் பணியாளர்கள் வர 1974 வரை ஆயிற்று. எங்கள் நியூயார்க் மாநிலம் அவர்களுக்கென உரிமைச் சட்டம் இயற்றியது 2010இல். அப்படிச் செய்த முதல் மாநிலமே அதுதான். "உரிமம் பெற்ற" என்ற ஒரு சொல்லில் நாங்கள் விடுபட்டபோது எனக்கு அதிர்ச்சி ஏற்படவில்லை, வலிதான் ஏற்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் பலருக்குச் சம்பளம் கையில் ரொக்கமாகத்தான் வரும், குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களும் உண்டு. தடுப்பூசி மையங்களில் குடியேற்றச் சோதனை நடக்காது என்று 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்த பிறகும், முதலாளியிடம் கடிதம் கேட்க அஞ்சியவர்களை எனக்குத் தெரியும். எனக்கு இரண்டாம் தவணைக்குப் பின் இரண்டு நாள் காய்ச்சல். அந்த இரண்டு நாள் சம்பளத்தை அந்த வீட்டில் பிடித்துக்கொண்டார்கள். முன்னுரிமை தருவதென்றால், தானே கையெழுத்திடும் உறுதிமொழி போதும் என்று விதியில் எழுதுங்கள். ஊசிக்கும் அதன் பின்விளைவுக்குமான விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்றும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

அக்கா, மிக்க நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று உறைத்தது. அன்று நான் மையத்திற்கு ஒரு கடிதம்கூட எழுதி எடுத்துச் செல்லவில்லை; கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை. வயது வந்த அனைவருக்கும் ஏப்ரல் 19 அன்று வழி திறந்த பிறகுதான் எங்கள் வீட்டு அம்மா ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்குச் சம்பளத்துடன் விடுப்புக் கொடுத்தோம், ஆனால் மாலையில் போகும் அந்த வீட்டில் கொடுத்தார்களா என்று நான் கேட்கவே இல்லை.