மழைக்குப் பிறகு உண்ணிக் காய்ச்சல்: நாய்க்கு மருந்து போட்டால் போதுமா?

முந்திரித்தோப்பு:
பண்ருட்டிப் பக்கம், தோப்பை ஒட்டியே வீடுகள். ஐப்பசி மழை விட்டதும் தெருவில் இரண்டு பேருக்கு உண்ணிக் காய்ச்சல். நாய்களுக்கு உண்ணி மருந்து போட்டு, எலி பாஷாணமும் வைக்கலாம் என்று பேச்சு. சரிதானா?

மூஞ்சூறு:
நாய் உண்ணி வேறு, இது வேறுங்க. நீங்கள் சொல்லும் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது ஒரு வகைச் சிலந்திப்பேனின் குஞ்சு. 0.2 மில்லிமீட்டர்தான், ஆறு கால். எலி, மூஞ்சூறின் காது மடலுக்குள் கும்பலாக ஒட்டியிருக்கும். மிளகாய்த் தூள் சிந்தினாற்போலத் தெரியும்.

இது குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒருமுறைதான் பிராணி மேல் ஏறும். பிறகு மண்ணிலேயே பூச்சி முட்டைகளைத் தின்று வாழும். அப்படியானால் கிருமி எப்படி வந்தது? தாயிடமிருந்து முட்டை வழியாக. ஆக, கிருமியின் கிடங்கு சிலந்திப்பேன்தான். எலி அதற்குச் சோறு போடும் வீடு. எலிகள் ஒரேயடியாகச் செத்தால், பசியோடு காத்திருக்கும் குஞ்சுகளுக்குக் கிடைப்பது நம் கால்தான். முதலில் புதரை வெட்டுங்கள், பிறகு எலி. வரிசை மாறவே கூடாது.

கருப்புத்தட்டு:
தோப்பு முழுக்க வெட்ட வேண்டாம். இந்தக் குஞ்சுகள் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும்: வேலியோரம், எலி வளை வாய், புல்லும் சருகும் மண்டிய வரப்பு. தரை ஈரமாக இருக்கையில் உள்ளங்கையளவு கருப்புத் தட்டைச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். குஞ்சுகள் விளிம்புக்கு ஏறி வரும். வெட்டுபவர் பேண்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுப்பை வெந்நீரில் போட வேண்டும். துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள்.

வார்டுசுற்று:
கடித்து 6 முதல் 21 நாளில் காய்ச்சல் வரும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு, பெண்களுக்கு மார்பின் அடி: இங்கெல்லாம் பீடியால் சுட்டாற்போலக் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது, அதனால்தான் தப்பிவிடுகிறது. முதல் வாரத்தில் ஐஜிஎம் எலிசா என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வரலாம். அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். கிருமி உயிரணுவுக்குள் வாழ்வதால் பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் எதுவும் கேட்காது. பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, 7 நாள்; கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். மருத்துவரிடம் தோப்பு வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முந்திரித்தோப்பு:
அப்போ நாய்க்கு மருந்து வேண்டாமா?

மூஞ்சூறு:
போடுங்கள். நாய் உண்ணி கொண்டுவருவது ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாவால் வரும் வேறொரு காய்ச்சல். அதில் உள்ளங்கை, உள்ளங்காலில்கூடத் தடிப்பு வரும். உண்ணியை நகத்தால் நசுக்க வேண்டாம், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நாய் படுக்கும் இடத்துச் சுவர் விரிசல்களையும் அன்றே பூசிவிடுங்கள். பெண் உண்ணி முட்டை வைப்பது அங்கேதான்.