மறு: ரஸ்ட் கன்வெர்ட்டர் – துருமாற்றியா, துருக்கட்டா, துருமுறியா?

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய ஜீப்புகளைச் செப்பனிடுகிற கையேட்டுக்காக, ஆங்கிலப் பட்டறைச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடி நாம் போடுகிற பட்டியலில் பாதிக்கு மேல் சண்டையில்லாமல் முடிந்துவிட்டது. பிரைமர் அடிப்பூச்சு ஆனது. உப்புத்தாள் (தேய்க்கிற தாள்), பட்டி (பள்ளத்தை நிரப்புகிற பசை) இரண்டையும் யாரும் தொடவில்லை, தொடவும் வேண்டாம், பட்டறையில் ஏற்கெனவே புழங்குகிற சொல்லுக்கு நாம் எதற்குப் புதிதாகப் பெயர் வைக்க வேண்டும்? காற்றழுத்தத்தில் துகளை அடித்துத் துருவை உரிக்கிற சாண்ட் பிளாஸ்டிங்குக்கு மணல்வீச்சு என்று பட்டியலில் இருந்ததைத் துகள்வீச்சு என்று மாற்றச் சொன்ன கோவை நண்பருக்குத் தனியாக ஒரு நன்றி. மணலை அடித்தால் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வரும், அதனால் விஷயம் தெரிந்தவர்கள் தாமிரக் கசடையோ இரும்புக் குருணையையோதான் அடிக்கிறார்கள். கையேட்டில் மணல் என்று அச்சாகிவிட்டால் நாளைக்கே யாராவது ஆற்றுமணலைச் சலித்துக் கம்பிரசரோடு கிளம்பிவிடுவார்கள்.

இந்த விவாத இழை முட்டிக்கொண்டு நிற்பது ரஸ்ட் கன்வெர்ட்டரில்தான், அதாவது துருவின்மேல் தடவி, அது மேலும் பரவாமல் நிறுத்துகிற திரவத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்.

> துருமாற்றி என்றே வைத்துவிடலாம். மின்மாற்றி என்று ஏற்கெனவே இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பட்டறையில் போய் ‘மாத்தியாச்சு’ என்றால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டாகிவிட்டது என்று அர்த்தம். பிளாட்பாரம் (வண்டியின் தரைத்தகடு) மாத்தியாச்சு, பம்பர் மாத்தியாச்சு, லீஃப் பட்டை (வில்பட்டை) மாத்தியாச்சு. அந்தக் காதோடு துருமாற்றி என்று கேட்பவர், இதைத் தடவினால் துரு போய் நல்ல இரும்பு திரும்பி வந்துவிடும் என்று நினைப்பார். இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை, கடையில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதை அடிச்சா தகரம் கெட்டியாயிடுமா’ என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தின்றுபோன இரும்பு எந்த மருந்துக்கும் திரும்பாது.

அந்தத் திரவம் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நமக்குள்ளேயே சிலர் அதைத் துருநீக்கியோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு, போடியில் இருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன ஒரு பழைய மகிந்திரா எம்.எம். 540-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து ஜீப்புகளுக்கு உப்புக்காற்று கிடையாது, ஆனால் மழையும் சேறும் ஓயாது. துரு முதலில் வருவது நாம் பார்க்கிற இடத்தில் இல்லை. பிளாட்பாரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்திருக்கும் சேனல்களுக்குள், பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு தகடுகள் ஒட்டுகிற மடிப்பில், வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டமான சேசிஸின் உள்பக்கத்தில், சேறு போய் உட்கார்ந்து ஈரம் காயாமலே இருக்கிற இடங்களில்தான் வரும். இரும்பு துருவாகும்போது பருமன் இரண்டு மடங்கில் இருந்து ஆறு மடங்கு வரை உப்பும், அதனால் மேலே இருக்கும் பெயிண்ட் குமிழ் குமிழாகக் கிளம்பும், அந்தக் குமிழுக்கு அடியில் தண்ணீர் தேங்கி இன்னும் வேகமாகத் தின்னும்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. துருவை அமிலத்தில் கரைத்தோ துகள்வீச்சில் அடித்தோ வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் எடுத்துவிடலாம், அது துருநீக்கம், அதில் சொல் குழப்பம் இல்லை. தகடு ஓட்டையாகிவிட்டால் வெட்டிவிட்டுப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும், வேறு பேச்சே இல்லை. மூன்றாவது, எடுக்கவும் முடியாமல் வெட்டவும் தேவையில்லாமல், பிரஷ் மட்டும் எட்டுகிற மூலைகளில் படிந்த மெல்லிய துரு. அதற்குத்தான் இந்தத் திரவம். இதில் இருப்பது பெரும்பாலும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். டானிக் அமிலம் துருவில் உள்ள இரும்போடு சேர்ந்து ஃபெரிக் டானேட் ஆகும், நீலங்கலந்த கறுப்பு நிறம், தண்ணீரில் கரையாது. பாஸ்பாரிக் அமிலம் என்றால் இரும்பு பாஸ்பேட் ஆகும். கூடவே ஒரு பாலிமரும் கலந்திருப்பார்கள், காய்ந்ததும் அதுவே மெல்லிய அடிப்பூச்சாக நிற்கும். ஆக, துரு அங்கேயேதான் இருக்கிறது. அதன் தின்னும் குணம்தான் போய்விட்டது.

இந்த வேதியியல் நமக்கு ஒன்றும் புதிதில்லை. கடுக்காய்க் கஷாயம் இரும்புச்சட்டியில் பட்டால் கறுத்துப்போவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். கடுக்காயில் இருப்பது டானின், டானிக் அமிலமும் அந்த வகைதான்; இரும்பும் அதே இரும்பு. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு இப்படித்தான் வருகிறது: துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள், இரும்புத்துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்துப் புளிக்கவிட்ட நீரால் அதன்மேல் எழுதினால் கோடு அப்படியே கறுத்துவிடும். டெல்லியில் ஆயிரத்து அறுநூறு வருஷமாக நிற்கிற இரும்புத்தூணின் கதையும் பாஸ்பேட் பக்கத்துக்கு உறவுதான். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே இரும்பு ஹைட்ரஜன் பாஸ்பேட் படலம் ஒன்று உருவாகி உள்ளே இருப்பதைக் காக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பாலசுப்ரமணியம் விளக்கினார். இதைச் சொல்வதால் நம் முன்னோர்களுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தெரியும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த வேலை இங்கே நடந்திருக்கிறது, அதனால் அதற்குப் பொருத்தமான வினைச்சொல்லும் இங்கே எங்கோ இருக்க வேண்டும், அவ்வளவுதான் சொல்கிறேன்.

> சித்த மருத்துவத்தில் ‘கட்டு’ என்று ஒரு மருந்து வகையே உண்டு. ரசத்தைக் கட்டுவது என்றால் ஓடுகிற பாதரசத்தை அசையாமல் நிறுத்துவது. துருவையும் அப்படித்தானே நிறுத்துகிறோம். துருக்கட்டு என்று வைக்கலாமே.

இதைப் படித்தபோது இதுதான் சொல் என்று துள்ளினேன். ஐயா சொன்ன பொருள் அவ்வளவு சரியாக உட்காருகிறது. ஆனால் பட்டறையில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன், மூவருமே ‘துரு கட்டியிருக்கிறது’ என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். சளி கட்டுகிறது, பால் கட்டுகிறது, நீர் கட்டுகிறது, எல்லாமே ஓரிடத்தில் சேர்ந்துகொள்வது. சித்தர் பாடலில் ‘கட்டு’ வேறு, சளி பிடித்தவன் வாயில் ‘கட்டு’ வேறு. பாட்டிலின் மேல் துருக்கட்டு என்று எழுதியிருந்தால் பாட்டிலுக்குள் துருவை அடைத்து விற்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். வருத்தத்தோடுதான் விடுகிறேன் ஐயா.

என் பரிந்துரை துருமுறி.

நஞ்சுமுறி மருந்து என்று மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. பேச்சிலும் விஷத்தை முறிக்கிறது, சளியை முறிக்கிறது, பித்தத்தை முறிக்கிறது என்று நாள்தோறும் சொல்கிறோம். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம் என்பார்களே, அந்த மிளகு விஷத்தை வயிற்றில் இருந்து எடுத்து வெளியே போடுவதில்லை, உள்ளேயே வைத்து அதன் வேகத்தை முறிக்கிறது என்பதுதான் அந்த நம்பிக்கை. இந்தத் திரவமும் துருவை எடுப்பதில்லை, இருந்த இடத்திலேயே அதன் வேகத்தை முறிக்கிறது. நீக்கி வேறு, முறி வேறு என்ற வித்தியாசம் கேட்ட மாத்திரத்தில் காதில் விழுகிறது. எனக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

> முறி என்றால் உடைப்பது என்றும் வரும். கடன்முறி என்றால் பத்திரம். மேலும் இலக்கணப்படி முறிப்பான் என்றல்லவா வரவேண்டும்?

பல பொருள் தருவது ஒரு குற்றம் என்றால் தமிழில் பாதிச் சொற்களைத் தள்ள வேண்டியிருக்கும். முன்னால் ‘துரு’ நிற்கும்போது பத்திரம் யாருக்கும் நினைவுக்கு வராது. ‘துருவை உடைப்பது’ என்று ஒருவர் எடுத்துக்கொண்டாலும் பெரிய கேடில்லை. இலக்கணத்துக்கு வருவோம். மண்வெட்டி, சுமைதாங்கி, பூச்சிக்கொல்லி எல்லாம் இகரத்தில் முடிந்து, அந்த வேலையைச் செய்கிற பொருளைக் குறிக்கின்றன. முறி என்ற வினையடியே இகரத்தில் முடிவதால் கூடுதலாக எதையும் ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. நஞ்சுமுறியை ஏற்றுக்கொண்டவர்கள் இதை மறுக்க வழியில்லை. முறிப்பான் என்றால் நாலே பேச்சில் அது ‘முறிப்பா’ ஆகி, அப்புறம் மறுபடியும் கன்வெர்ட்டர் ஆகிவிடும்.

கையேட்டில் இந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே மூன்று எச்சரிக்கைகள் போக வேண்டும் என்று தொகுப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செதில் செதிலாக எழும்பிய துருவின்மேல் துருமுறி நிற்காது, கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். துரு இல்லாத பளபளப்பான இரும்பின்மேல் அடிப்பதில் பயன் இல்லை, அது வேலை செய்யத் துரு வேண்டும். அடித்துவிட்டு அப்படியே விடக்கூடாது, மேலே எபாக்சி அடிப்பூச்சோ வேறு பெயிண்ட்டோ கட்டாயம்.

பாஸ்பேட்டிங், அதாவது பூச்சுக்கு முன் இரும்பின்மேல் பாஸ்பேட் படலம் ஏற்றுவது, அதைப் பற்றி நீண்ட சண்டை வேண்டாம் என்று நினைக்கிறேன். பவுடர் கோட்டிங் போடுகிற இடங்களில் ஏழு தொட்டி என்று சொல்வார்களே, எண்ணெய் நீக்கி, அலசி, துரு நீக்கி, அலசி, அப்புறம் பாஸ்பேட் தொட்டியில் முக்குவது, அதேதான். ஆக்சிஜனேற்றம் போல பாஸ்பேட்டேற்றம், முடிந்தது. பவுடர் கோட்டிங்கைத் தூள்பூச்சு என்பதில் எனக்குச் சம்மதம்தான், 180 முதல் 200 டிகிரி சூட்டில் அந்தத் தூள் உருகி ஒட்டுகிறது என்பதை மட்டும் விளக்கத்தில் சேருங்கள். இல்லாவிட்டால் பவுடரைக் கையால் பூசுவதாக நினைப்பார்கள்.

துத்தநாகத்துக்கு வருகிறேன். இரும்பின்மேல் துத்தநாகம் ஏற்றுவதற்கு நாகமுலாம் என்ற பாடநூல் சொல் இருக்கட்டும். கேள்வி, துத்தநாகம் தான் அழிந்து இரும்பைக் காப்பாற்றுகிறதே, அந்தக் குணத்துக்குப் பெயர் என்ன என்பது. தியாகப்பூச்சு என்ற முன்மொழிவு மேடைப்பேச்சு மாதிரி ஒலிக்கிறது. ஊரைக் காப்பாற்ற ஆட்டையோ சேவலையோ காவு கொடுப்பது நம் கிராமங்களில் இன்றும் நடப்பதுதான், அதனால் காவுப்பூச்சு என்கிறேன். பெயிண்ட் கீறினால் அந்தக் கீறலில் துரு தொடங்கிவிடும், துத்தநாகம் கீறினால் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முதலில் கரையும், ஏனென்றால் அதன் மின்முனை அழுத்தம் மைனஸ் 0.76 வோல்ட், இரும்புக்கு மைனஸ் 0.44, இரண்டில் எது குறைவோ அதுதான் முதலில் கரையும். மூடநம்பிக்கைச் சொல் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சாமிக்கு யாரும் எதையும் வெட்டவில்லை நண்பரே, சேசிஸை 450 டிகிரித் துத்தநாகக் குழம்பில் முக்கி எடுக்கிறோம், அவ்வளவுதான். (முக்குவதற்கு முன் மூடிய குழாய்களில் காற்று போக ஓட்டை போடாவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். மெல்லிய பாடித் தகடுகளை அதில் முக்கினால் நெளிந்துவிடும், அவற்றுக்கு அது வேண்டாம்.)

அடுத்தது கஸ்டம் ஃபேப்ரிகேஷன், அதாவது வேண்டிய அளவுக்குத் தகடும் குழாயும் வெட்டிப் பற்றவைத்துத் தனியாகச் செய்வது. புனைவு என்று ஒருவர் எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். புனைவு பம்பர் என்றால் பம்பரே இல்லை, கதை விடுகிறார்கள் என்றுதான் தோன்றும். நகைக்கடையில் ரெடிமேட் நகைக்கு எதிர்ச்சொல்லாக ‘சொல்லிச் செய்தது’ என்பார்கள். சொல்லிச்செய் பம்பர், சொல்லிச்செய் சீட் ஃபிரேம், சொல்லிச்செய் வேலை. ஃபேப்ரிகேஷன் என்ற பொதுச்சொல்லுக்குத் தகட்டுவேலை, குழாய்வேலை என்று பொருளை வைத்தே பிரித்துச் சொன்னால் போதும், எல்லாவற்றையும் அடக்கும் ஒரே சொல் தேடி மூச்சுவாங்க வேண்டாம். ஆனால் இந்தப் பகுதியில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஒரு வரியாவது போடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களில் இருந்து வண்டி மாறிப்போகக் கூடாது என்று அது சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நம் கையேட்டை நம்பிச் சொல்லிச்செய்த கூரையோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் நிற்பவர் நம்மைத்தான் திட்டுவார்.

ஆக, என் பக்கத்தில் இருந்து: துருநீக்கி, துருமுறி, பாஸ்பேட்டேற்றம், தூள்பூச்சு, காவுப்பூச்சு, சொல்லிச்செய். துருமாற்றிதான் வேண்டும் என்பவர்கள், பட்டறையில் வேலை செய்கிற ஒருவரிடம் அந்தச் சொல்லை மட்டும் சொல்லி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதைக் கேட்டு இங்கே எழுதுங்கள். அகராதியை வைத்து இனிமேல் நான் வாதாடப்போவதில்லை.

கேவிட்டி வேக்ஸ் இன்னும் அப்படியே கிடக்கிறது. சேசிஸ் குழாய்க்குள்ளும் கதவு மடிப்புக்குள்ளும் நீளமான நாசில் விட்டுப் பீய்ச்சுகிற மெழுகு, கெட்டியாகாமல் பிசுபிசுப்பாகவே இருந்து கீறல்களுக்குள் ஊர்ந்து போகிறது. உள்மெழுகு என்று எழுதிவைத்திருக்கிறேன், பிடிக்கவில்லை. இலங்கை நண்பர்கள் பழைய லேண்ட்ரோவர்களுக்கு இதை அடிப்பார்கள் என்று நினைக்கிறேன், அங்கே என்ன சொல்கிறீர்கள்?