டாக்சியிங்: 'தரையோட்டம்' வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். விமானச் சொற்களைத் தமிழாக்கும் நம் மடல்களில், டாக்சியிங்குக்கு (விமானம் பறக்காமல் தன் எஞ்சினால் தரையில் மெல்ல நகர்வது) ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> விமானம் தரையில் ஓடுவதால் 'தரையோட்டம்' போதும். குளிர்நாட்டுக் கையேடு என்றால் 'பனித் தரையோட்டம்'.

ஐயா, 'ஓட்டம்' என்றாலே வேகம். மேலெழும்புமுன் ஓடுபாதையில் விரைகிறதே, அதற்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம். டாக்சியிங்கோ, பனிக்கட்டியின் மேல் என்றால், ஆள் நடக்கிற வேகம்தான். 'ஊர்தல்' எனலாம். முன்னோர் தேர் ஊர்ந்தார்கள், யானை ஊர்ந்தார்கள். இன்று நெரிசலில் பஸ் ஊர்கிறது. 'வானூர்தி'க்குள்ளும் அதே வேர்தான். விமானம் அப்படி நகரும் பாதையான டாக்சிவே தானாகவே 'ஊர்பாதை' ஆகிவிடும்.

சிக்கல் 'பனி'யில். நமக்கு மார்கழிப் பனியும் பனிதான்! சிறு விமானம் ஓட்டுபவருக்கு அது போதாது. பாதி உருகிய 'கூழ்ப்பனி' சக்கர உறைக்குள் புகுந்து உறைந்தால் பிரேக் இறுகிவிடும். அதற்காகவே குளிர்காலத்தில் பலர் அந்த உறைகளைக் கழற்றி வைக்கிறார்கள். பனிக்கட்டியின் தொல்லை வேறு. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் பெடலை மிதித்தால் முன்சக்கரம் பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரி திரும்பும். அந்தப் பக்கப் பிரேக்கையும் சேர்த்தால் 30 வரை. டயர் தரையைப் பற்றாதபோது இரண்டும் வீண். பக்கக்காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பிவிடும்.

இந்த வெதர்காக்கிங்குக்குச் 'சேவல் திருப்பம்' என்று முன்மடலில் பார்த்தேன். நம் கூரைகளில் ஏது காற்றின் திசை காட்டும் சேவல் பொம்மை? 'காற்றெதிர்த் திருப்பம்' என்கிறேன்.

ஓடுபாதையில் பிரேக் எவ்வளவு பிடிக்கும் என்பதைக் குறிக்கும் பிரேக்கிங் ஆக்‌ஷனுக்குத் 'தடைச்செயல்' வேண்டவே வேண்டாம். யாரோ மறியல் செய்வதுபோல் இருக்கிறது. மழையில் பைக் ஓட்டுகிறவர் "பிடிமானமே இல்லை" என்பாரே, அதுதான் இது. 2021 நவம்பர் முதல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முறைப்படி ஓடுபாதை நிலையை 6 முதல் 0 வரை எண்ணால் அறிவிக்கிறார்கள்: உலர்ந்திருந்தால் 6, பனிக்கட்டிமேல் நீர் நின்றால் 0. இதைப் 'பிடிமான எண்' என்று எழுதினால் விளக்கமே தேவைப்படாது.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. எஞ்சினைச் சோதிக்க முடுக்கும்போது, பிரேக் பிடித்த சக்கரம் சுழலாமலே விமானம் முன்னால் நழுவிப் போகும். 'சறுக்கல்' இதற்கு, 'வழுக்கல்' பக்கவாட்டில் போவதற்கு என்று பிரிக்கலாமா? உங்கள் ஊர்ப்பக்கம் இரண்டுக்கும் வேறுபாடு உண்டா, சொல்லுங்கள்.