சுயவிபரக்கோவையில் தோட்ட முகவரியைப் போடலாமா?

வெள்ளவத்தை வாசி:
வேலை தேடும் மலையகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சுயவிபரக்கோவையில் இன்ன தோட்டம், இன்ன பிரிவு என்று எழுதாதீர்கள். கொழும்பிலிருக்கும் உறவினரின் முகவரியைப் போடுங்கள். பதினைந்து ஆண்டுகள் ஆளணிப் பிரிவில் இருந்தவன் நான். தோட்ட முகவரியைக் கண்டதும் விண்ணப்பத்தை ஒதுக்கி வைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பொகவந்தலாவைக்காரன்:
கண்ணால் பார்த்தீர்கள், வாய் திறந்தீர்களா? ஒதுக்கியவனுக்குச் சொல்லவேண்டிய புத்தியை எங்களிடம் கொண்டுவராதீர்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் முதன்முதலாகத் தேயிலை போட்ட நாளிலிருந்து தோட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். தேயிலைப் பெட்டியில் பெருமையாக இருக்கும் பெயர், அதைப் பறித்தவளின் மகன் எழுதினால் மட்டும் இழிவா?

வெள்ளவத்தை வாசி:
பெருமை சோறு போடாது, தம்பி.

கொட்டகலை டீச்சர்:
முகவரியை மாற்றினால் கிராம உத்தியோகத்தர் சான்றிதழுக்கு எங்கே போவது? தன் பிரிவில் பதிவானவருக்குத்தான் அவர் கொடுப்பார். அடையாள அட்டையில் ஒன்று, விண்ணப்பத்தில் ஒன்று என்றிருந்தால் முதல் கேள்வியே அதுதான். பிள்ளை அங்கேயே வியர்த்துவிடும். அதைவிட, தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் சிங்களத்தில் தடுமாறாமல் பேசப் பழகட்டும்.

வெள்ளவத்தை வாசி:
சிங்களம் போதாது டீச்சர், ஆங்கிலம் வேண்டும்.

கொட்டகலை டீச்சர்:
ஆங்கில ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலையில் ஒரு தவணை நின்று பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.

பதுளை மகன்:
பேச்சு எங்கேயோ போகிறது. எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், வீட்டுக்கு இலக்கம் கிடையாது. கடிதங்களைத் தபால்காரர் மொத்தமாகத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு நேர்முகப் பரீட்சை 11ஆம் திகதி. உறையில் தபால் முத்திரை 3ஆம் திகதி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அப்பாவின் கையில் கொடுத்தது 13ஆம் திகதி. உறையின் மேல் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம். இன்னும் வைத்திருக்கிறேன். கொழும்பு முகவரி போட்டிருந்தால் போயிருப்பேன்.

பொகவந்தலாவைக்காரன்:
அது கோப்பை வைத்தவனின் குற்றம், முகவரியின் குற்றமல்ல. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிடச் சட்டம் தடையாக இருந்தது. கேட்டுக் கேட்டு 2018இல் திருத்தினார்கள். வீட்டு இலக்கத்தையும் அப்படித்தான் வாங்கவேண்டும். எல்லோரும் வெள்ளவத்தை முகவரி போட்டால் யார் கேட்பது?

பதுளை மகன்:
நீங்கள் வாங்கித் தரும்வரை நான் சும்மா இருப்பதா? நுவரெலியாப் பக்கத்தார் எப்போதும் இப்படித்தான். பேச்சு உங்களுக்கு, நட்டம் எங்களுக்கு.

பொகவந்தலாவைக்காரன்:
மாவட்டத்தை இழுக்காதீர்கள். முகவரிக்குப் பதில் சொல்லுங்கள்.

கொட்டகலை டீச்சர்:
கைபேசி இலக்கத்தை முதல் வரியில் போடுங்கள். இப்போது அழைப்பு அதில்தான் வருகிறது.

பதுளை மகன்:
எங்கள் மேற்பிரிவில் சிக்னல் கிடைக்கப் பாதைவரை இறங்கவேண்டும், டீச்சர்.

பொகவந்தலாவைக்காரன்:
மறுபடியும் சொல்கிறேன், முகவரியை மறைப்பது அம்மாவை மறைப்பது. என் விண்ணப்பத்தில் தோட்டம், பிரிவு, லயம் மூன்றும் இருந்தன.

பதுளை மகன்:
வேலை கிடைத்ததா?

பொகவந்தலாவைக்காரன்:
கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் அலைந்தேன். அதே முகவரியில்தான் கிடைத்தது.

பதுளை மகன்:
என் அப்பாவால் இரண்டு ஆண்டுகள் தாங்க முடியாது.

வெள்ளவத்தை வாசி:
நான் சொன்னதும் அதுதான்.

பொகவந்தலாவைக்காரன்:
நீங்கள் சொன்னது அதுவல்ல. மேலே போய் வாசியுங்கள்.