தோட்டத்துச் சாலையும் கால்வாயும் நகராண்மைக் கழக பட்ஜெட்டில் ஏற: புனைபெயர்களில் நால்வரின் அனுபவப் பகிர்வு

தார்ச்சாலை:
மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களின் சாலை, கால்வாய் மனுக்கள் பெரும்பாலும் பொங்கல் முடிந்த பிறகுதான் கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்கு, அதாவது நம் ஊராட்சி மன்றத்துக்குப் போகின்றன. அதற்குள் அந்த ஆண்டின் மேம்பாட்டுப் பட்டியல் முடிந்திருக்கும். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, அடுத்த ஆண்டு வரவு செலவை மன்றம் சிறப்பு பட்ஜெட் கூட்டத்தில் நிறைவேற்றி, மாநில அரசிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நிதியாண்டு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. இலாகாக்கள் ஆண்டு நடுவிலேயே தங்கள் பட்டியலைத் தொகுக்க ஆரம்பித்துவிடும். ஆகவே ஏப்ரல், மே மாதத்துக்குள் பொறியியல் இலாகாவில் மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட் நம்பர்:
தேதிக்கு முன்னால் பார்க்க வேண்டியது நிலம். தோட்டத்து மனுக்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். கம்பெனி நிலத்தில் ஓடும் சாலையில் மன்றம் பொதுப் பணத்தைப் போட முடியாது. ஐம்பது வருஷமாக ஊரே நடக்கிறது என்றாலும் கணக்காய்வில் நிற்காது. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி லாட் எண்ணுக்கு (நிலத் துண்டின் எண்) அதிகாரப்பூர்வத் தேடல் எடுங்கள், நிலம் யார் பெயரில் என்று அதில் தெரியும். சாலை கம்பெனி பெயரில் இருந்தால், அந்தப் பகுதியை அவர்கள் அரசிடம் ஒப்படைத்து, அது பொதுச் சாலையாகப் பதிவாக வேண்டும். மாரிஸ் என்னும் சாலைப் பதிவேட்டில் ஏறினால்தான் அரசியலமைப்பின் 109ஆம் விதிப்படி வரும் மத்திய அரசின் சாலைப் பராமரிப்பு மானியமும் அதற்குக் கிடைக்கும். இதற்கு ஒரு பட்ஜெட் காலம் போதாது. இன்றைக்கே தொடங்கினால்தான் உண்டு.

பொதுச் சாலை என்றாலும் எல்லாமே மன்றத்தின் சாலை இல்லை. கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். வெறும் எண் இருந்தால் மத்திய அரசுச் சாலை. சிலாங்கூரில் எண்ணுக்கு முன் ‘பி’ இருந்தால் மாநிலச் சாலை. இரண்டுக்கும் பொதுப்பணி இலாகாவான ஜே.கே.ஆரிடம் போக வேண்டும். பெரிய பாரிட் (வடிகால்), ஆறு என்றால் வடிகால், நீர்ப்பாசன இலாகாவான ஜே.பி.எஸ். தோட்டத்துக்குள் இருக்கும் லயன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீடு) கால்வாய், தண்ணீர், கூரை எல்லாம் 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்புச் சட்டப்படி, அதாவது 446ஆம் சட்டப்படி, முதலாளியின் கடமை. அந்தப் புகார் தொழிலாளர் இலாகாவுக்குத்தான் போக வேண்டும். மன்றத்தில் கொடுத்தால் கோப்பு சும்மா கிடக்கும், தோட்ட நிர்வாகமும் தப்பித்துக்கொள்ளும். இது நம் மக்களுக்கு நடக்கும் பெரிய அநியாயம்.

சிமெண்டு மூட்டை:
கிராண்ட் நம்பர் ஐயா சொன்னதோடு அளவையும் சேருங்கள். ‘சாலை மோசம், ஆவன செய்க’ என்று எழுதினால் பொறியியல் இலாகா அதற்கு விலை போட முடியாது. விலை இல்லாத வேலை பட்டியலில் ஏறாது. 400 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்றால் 2,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் கனத்துக்கு 100 கன மீட்டர் பிரிமிக்ஸ் (தார்க் கலவை), ஏறக்குறைய 230 டன். செம்பனைக் குலை லாரி ஓடும் சாலையா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அடித்தளம் இளகிய இடத்தில் மேலே மட்டும் தார் போட்டால், லாரிச் சக்கரம் ஏறி இறங்கும் ஓரம் முதல் மழைக்காலத்திலேயே நொறுங்கும். எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை அடித்தளத்தைத் தோண்டி மாற்ற வேண்டும் என்று தனியாக எழுதுங்கள்.

கால்வாய்க்குத் தண்ணீர் வெளியேறும் முனைதான் முக்கியம். புதிய யூ வடிவக் கால்வாயின் தரை, அது சேரும் பழைய கல்வெர்ட்டின் (சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் வழி) தரையைவிட ஒரு சாண் தாழ்ந்துவிட்டால், அந்தச் சந்திப்பில் தண்ணீர் தேங்கி, மண் படிந்து, கொசு மொய்க்கும். 600 மில்லிமீட்டர் கால்வாயைக் கொண்டுபோய் 450 மில்லிமீட்டர் குழாயில் விட்டாலும் தண்ணீர் பின்னுக்குத்தான் ஏறும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து இரண்டு தரையின் மட்டத்தையும் எடுத்து, படத்தோடு மனுவில் இணையுங்கள்.

லயத்துப் பிள்ளை:
பட்ஜெட் கூட்டத்துக்கு நாமும் போகலாமா அண்ணே?

தார்ச்சாலை:
தாராளமாகப் போகலாம் தம்பி. அதே ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததுதான். ஆனால் குழுக் கூட்டங்கள் அப்படியில்லை. வேலைகளை வெட்டுவதும் சேர்ப்பதும் அந்தக் குழுக்களில்தான். அதனால் உங்கள் வட்டார மன்ற உறுப்பினரையும் இந்திய சமூகத் தலைவரையும் அதற்கு முன்பே பார்த்து, மனு நகலைக் கையில் கொடுத்துவிடுங்கள். மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது, ஆள் மாறலாம். மாறினால் புதியவரிடமும் ஒரு நகல் போகட்டும்.

புதிய மண்டபம், புதிய இணைப்புச் சாலை என்றால் வருடாந்திர பட்ஜெட் மட்டும் பார்த்தால் போதாது. எந்த நிலம் எந்தப் பயனுக்கு என்று குறிக்கும் உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது, அறிவிப்பில் சொன்ன காலத்துக்குள் லாட் எண்ணோடு எழுத்துமூலம் கருத்துக் கொடுங்கள். திட்டத்தில் அந்த இடம் வேறு பயனுக்குக் குறிக்கப்பட்டுவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

சிமெண்டு மூட்டை:
ஒப்புதல் கிடைத்த பிறகும் விட்டுவிடாதீர்கள். ஜி1 என்னும் கடைசி வகுப்புக் குத்தகையாளர் அந்த வகுப்புக்கு விதித்த தொகை வரையிலான வேலைதான் எடுக்கலாம். அதற்கு மேல் போனால் மேல் வகுப்புக் குத்தகையாளர் வேண்டும். விலைப்புள்ளி, டெண்டரைத் தவிர்க்க வேலையைத் துண்டு போடுவது விதிக்குப் புறம்பு. அப்படிக் கேட்டு மனு எழுதாதீர்கள். ஜூன் வரை குத்தகை கொடுக்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் செலவாகாத ஒதுக்கீட்டை வேறு வேலைக்குத் திருப்பக்கூடும். வேலை முடிந்ததும் பழுதுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டு வையுங்கள். அந்தத் தேதிக்கு முன் வெடிப்பு, தேங்கும் இடம் எல்லாவற்றையும் படமெடுத்துக் கொடுத்தால் குத்தகையாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.