வளவில் கிடந்த பழைய பிக்கப்பைத் திருத்தி ஓடியவர்கள் இருக்கிறீர்களா?

பாலையூற்றான்:

மொறிஸ் மைனர் பிக்கப் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், அதனால் வண்டியைப் பற்றி விளக்கவில்லை. 1098 சீசீ, சிறீ நம்பர். அப்பப்பா நிலாவெளிப் பக்கமிருந்து வெங்காயமும் கருவாடும் ஏற்றியது. அவர் போன பிறகு வேப்பமரத்தின் கீழே பதினொரு வருடம் நின்றது. கோழிகள் பின்பெட்டியில் முட்டையிட்டன.

2010 மார்கழியில் ஓ.எல். சோதனை எழுதி முடித்தேன். எனக்கு 16 வயது. முடிவு வரும்வரை வேலையில்லை. வண்டியைத் திருத்தட்டுமா என்று கேட்டதற்கு அப்பா, "செய்யிறதெண்டால் செய்" என்றார், அவ்வளவுதான். பெற்றோல் தாங்கியைக் கழுவினேன். பாயிண்டை எமரித் தாளில் தேய்த்து இடைவெளி வைத்தேன். பெற்றோல் பம்ப் வேலை செய்யவில்லை. ஸ்பானர் பிடியால் இரண்டு தட்டு தட்டியதும் டிக் டிக் டிக் என்று தொடங்கியது. புதுவருடம் பிறந்து முதல் ஞாயிறு, பின்னேரம் நாலு மணி, எஞ்சின் பிடித்தது. அப்பா தேநீர்க் கோப்பையோடு திண்ணையில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

மறுநாள் காலை ஸ்டாட் ஆகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்தத் தை மாத வெள்ளம் நினைவிருக்கும். ஈரம்தான் காரணம் என்று நானே முடிவுகட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைப்பதும் பூட்டுவதும் கழற்றுவதுமாகப் பத்து நாள். அம்மா திட்டித் தீர்த்தார்.

பொங்கலுக்கு முந்திய நாள் சாமித் தட்டைத் துடைக்கச் சொன்னார்கள். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் விரல் பட்டது. மண்ணிற பேக்லைட், மேலே பித்தளை நாக்கு. எங்கள் ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றி பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற துண்டு. ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். உள்ளேயும் ஒரு ரோட்டர் இருந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பக்கத்தில் தலைமயிர் அளவுக்கு வெடிப்பு. அப்பப்பா காலத்துப் பழையதை அப்பா எங்கேயோ தேடி எடுத்து மாற்றிவிட்டிருக்கிறார்.

நல்லதை எடுத்துப் போட்டிருந்தால் அன்றைக்கே ஓடியிருக்கும். ஏன் போடவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படத்துக்குப் பின்னாலேயே வைத்தேன். அதன்பிறகு ஒன்றரை வருடம் துரு சுரண்டினேன், பெயின்ட் அடித்தேன், சீட் தைத்தேன். எஞ்சினைத் தொட்டால் "ஈரம் அப்பா, ஈரம்" என்பேன். அவரும் "ஓம், ஈரம்தான்" என்பார்.

2012 ஆவணியில் 18 முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்தது. மறுநாள் காலை அப்பா சொன்னார்: "மழை விட்டிட்டுதுதானே, இப்ப அடிச்சுப் பார்." கச்சான் காற்று வீசி வளவெல்லாம் புழுதியாகப் பறக்கிற ஆவணி. இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. அன்று மாலை படத்துக்குப் பின்னால் பார்த்தேன், வெடித்த ரோட்டர் அங்கே இருந்தது.

இதுவரை இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

கிண்ணியா காக்கா:

தம்பி, உங்களுக்கு வாப்பா மறைத்தார். நான் வாப்பாவிடம் மறைத்தேன்.

2003, சமாதான காலம். எங்களுடையது நெல் ஏற்றுகிற இசுசு எல்ஃப் லொறி. ஓடாமல் கிடந்ததை மாமாவும் நானும் இரண்டு மாதமாகத் திருத்தினோம். எனக்கு 17. முதல் சுமையோடு வாப்பா ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து திருகோணமலைக்குப் போனோம். பாலமெல்லாம் 2009இல் வந்தது. அப்போது துறையடியில் பாதைக்கு, அதாவது வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவைக்கு, காத்து நிற்க வேண்டும். பாதை அக்கரையில் முட்டியது, பலகையை இறக்கினார்கள், முன்னால் நின்றவை எல்லாம் இறங்கின. எங்கள் லொறி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. பின்னால் ஒரு வான், ஒரு லான்ட்மாஸ்டர், சைக்கிள்காரர், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு கிழவி. ஹோர்ன் சத்தம். வாப்பா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி நேரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இறங்கி ஃபில்டருக்கு மேலிருக்கிற ஆணியை இளக்கிக் கைப்பம்பை அமத்தினேன். வெள்ளை நுரை வந்தது. அமத்த அமத்த நுரைதான். எத்தனை அமத்து என்று தெரியாது, பெருவிரல் தோல் உரிந்துவிட்டது. பிறகு நுரை மெலிந்து, குமிழி நின்று, சுத்த டீசல் விரல் வழியே வடிந்தது. ஆணியை இறுக்கினேன், ஸ்டாட் ஆனது.

காற்று ஏன் இழுத்தது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். டீசல் குழாய் பூட்டும்போது பழைய செம்பு வாஷரையே திருப்பிப் போட்டிருந்தேன். புதிது சில ரூபாய்தான். கடைவரை சைக்கிள் மிதிக்கப் பஞ்சி. வாப்பா கேட்டதும் "டீசல்ல தண்ணி கலந்திருக்கு வாப்பா" என்றுவிட்டேன்.

திரும்பி வரும்போது வாப்பா நேரே டீசல் விற்றவரிடம் போனார். ஆட்கள் முன்னால் வாயில் வந்ததெல்லாம் சொன்னார். அந்த மனிதர் பதில் சொல்லாமல் புனலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றிரவு வாஷரை மாற்றினேன், அதற்குப் பிறகு லொறி நிற்கவேயில்லை. வாப்பா மௌத்தாகும்வரை அந்த மனிதரோடு கதைக்கவில்லை. அவர் இன்றும் என்னைக் கண்டால் "வாங்க தம்பி, தேத்தண்ணி குடிப்போம்" என்கிறார்.

மூன்றாம் கட்டை பாஸ்:

பாலையூற்றுத் தம்பி, கதை நல்லது. ஆனால் பத்து நாள் மூடியை அடுப்பில் வாட்டியது எனக்கு விளங்கவில்லை. கொயிலிலிருந்து வருகிற தடித்த வயரை எடுத்து ரோட்டரின் நடுப் பித்தளைக்கு மேலே சில மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்து எஞ்சினைச் சுற்ற வேண்டும். நல்ல ரோட்டர் என்றால் நெருப்புப் பொறி பாயாது. பாய்ந்தால் வெடிப்பு வழியாகத் தண்டுக்கு இறங்குகிறது என்று அர்த்தம். இரண்டு நிமிட வேலை. கராஜில் துடைக்கிற சின்னப் பெடியனுக்கும் இது தெரியும்.

உங்கள் அப்பா செய்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. எஞ்சினைப் பூட்டிவைத்தார், பிறேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? எங்களுடையதும் மைனர்தான். 18 வயதில் எஞ்சினும் பெயின்டும் முடித்துவிட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு கோணேசர் கோவிலுக்கு அர்ச்சனைக்குப் போனேன். சக்கரத்தில் தேசிக்காய் நசித்தாயிற்று. இறக்கத்தில் வரும்போது பெடல் தரையோடு போய்விட்டது. கோவில் ரோடு போகிற கோட்டைக்குள்ளே ரோட்டின் நடுவில் மான் நின்றது. இரண்டாம் கியரைப் போட்டு ஹான்ட்பிறேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினேன். மான் நகரவேயில்லை. அம்மா மடியிலிருந்த தேங்காய்ப் பாதி பறந்து என் காலடியில், அந்தப் பிறேக் பெடலுக்குக் கீழே வந்து விழுந்தது.

அதனால் இனிச் செய்யப்போகிற பிள்ளைகள் கேளுங்கள். மைனரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிறேக் சுற்று. ஒரு ரப்பர் கிழிந்தால் நாலும் போச்சு. மாஸ்டர் சிலிண்டர் பொனட்டுக்குள் இருக்காது. ஓட்டுபவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். கண்ணில் படாததால் ஒருவரும் தொடுவதில்லை. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், வருடக்கணக்காக நின்ற வண்டியில் சிலிண்டர் உள்ளே துரு பிடித்திருக்கும். எல்லா ரப்பரையும் மாற்றுங்கள், வளைகிற குழாய்கள் மூன்றையும் மாற்றுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்னும் கிடைக்கிறது. மைனருக்குத் தகடு அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு இது, கிடைக்காது என்று சாட்டுச் சொல்லாதீர்கள். இரண்டாவது, கடற்காற்று. பெயின்ட் அடிக்க முன் தரையையும் வில் பூட்டுகிற இடத்தையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் முதலில் வெல்டிங். மூன்றாவது, ரயரில் பூ நிறைய இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000க்கு முந்தியது, கிணற்றுக் கட்டில் தொங்கவிடுங்கள். இன்னொன்று, இந்தப் பழைய இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பற்றரியின் பிளஸ்தான் வண்டியின் பொடித் தகட்டோடு பூட்டியிருக்கும். பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

பாலையூற்றான்:

பாஸ் அண்ணை, ரோட்டரில் பொறி பாய்ச்சிப் பார்க்கிற வித்தையைப் 16 வயதில் எனக்கு யார் சொல்லித் தருவது? தெரிந்த ஒரே ஆள் அப்பா.

உப்புவெளி மச்சாள்:

எல்லோரும் ஓடியிருக்கிறீர்கள். நான் திருத்தினேன், ஓடவில்லை.

அம்மப்பாவின் பழைய பெற்றோல் ஹைலக்ஸ். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் கிழட்டு வண்டிக்கெல்லாம் விலை வந்தது, தரகர்கள் படலையடிக்கு வரத் தொடங்கினார்கள். விற்க விடாமல் நான் பிடிவாதமாக நின்றேன். சித்தப்பா "பொம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்பானர்" என்றார். கார்பரேட்டரை யூரியூப் பார்த்து மூன்று தடவை பிரித்துப் பூட்டினேன். மூன்றாம் தடவையும் ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது, இன்னும் வைத்திருக்கிறேன்.

முடித்தது 2022 ஆடி. மாதத்தைப் பாருங்கள். எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம், கியூஆர் கோட் இல்லாமல் பெற்றோல் இல்லை. வாகனப் புத்தகமோ அம்மப்பா பெயரில், அவர் போய்ப் பல வருடம். பெயர் மாற்றப் போன இடத்தில் "உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்கள். அவர் செத்துவிட்டார் என்று சொன்னேன். "அப்ப அவரிட்டைக் கையெழுத்து வாங்கேல்லையே?" என்று கேட்டார் ஒருவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தோழியின் ஸ்கூட்டிக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதில் ஒரு சோடாப் போத்தல் அளவு தந்தாள். கடற்கரை ரோட்டில் 300 மீற்றர் போனேன். ஜன்னலைத் திறந்து கையை வெளியே வைத்துக்கொண்டு. அப்புறம் நின்றுவிட்டது, தள்ளிக்கொண்டு வந்தோம். அடுத்த மாதம் சித்தப்பா விற்றுவிட்டார். பாஸ் அண்ணை, பிறேக் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பாவிக்கிற அளவுக்கு வேகம் வரவில்லை.

மூன்றாம் கட்டை பாஸ்:

தங்கச்சி, மிஞ்சிய ஸ்பிரிங்கைப் படம் எடுத்துப் போடுங்கள். அது எந்த இடத்தினுடையது என்பதைப் பொறுத்து, 300 மீற்றரில் நின்றதற்குப் பெற்றோல் முடிந்தது காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

உப்புவெளி மச்சாள்:

ஐயோ, இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கந்தளாய்த் தகப்பன்:

எழுத வேண்டாமென்றுதான் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வளவிலும் ஒரு மைனர் நிற்கிறது. மகனுக்கு 16. நேற்றுப் பள்ளிக்கூடத்தால் வந்து நேரே பொனட்டைத் திறந்துவிட்டான். பாலையூற்றுத் தம்பி, அந்த வெடித்த ரோட்டர் இன்னும் இருக்கிறதா?

பாலையூற்றான்:

இருக்கிறது அண்ணை, அதே படத்துக்குப் பின்னால். அப்பா கோவிலுக்குப் போகிற நேரம் பார்த்து எடுக்க வேண்டும். தருகிறேன், ஆனால் கடனாக. என் மகளுக்கு இப்போது 4 வயது. 12 வருடத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.