செயின்ட் கில்டா போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். செயின்ட் கில்டா, ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள தீவுக்கூட்டம். ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவிலிருந்து படகில் போனேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்; வழியெல்லாம் பலருக்கு வாந்தி. அதன் பெரிய தீவான ஹிர்ட்டாவின் வில்லேஜ் பே விரிகுடாவுக்குள் நுழைந்ததும்தான் ஆட்டம் அடங்கியது. பின்னால் அரைவட்டமாக மலை, நடுவில் ஒரே தெரு. 1860களில் கட்டிய 16 வீடுகளில் பலவற்றுக்குக் கூரை இல்லை.

சரிவெங்கும் 'கிளீட்' என்கிற கல் கொட்டில்கள், இந்தத் தீவில் மட்டும் 1,200க்கு மேல். காரை பூசாமல் அடுக்கிய கல் என்பதால் காற்று ஊடுருவிப் போகும். ஃபுல்மார், கேனட் பறவைகளை உள்ளே உலர்த்தி வைத்துக் குளிர்காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். நம் கருவாடு மாதிரிதான், மீனுக்குப் பதில் கடற்பறவை.

1930 ஆகஸ்ட் 29இல் தீவில் மிச்சமிருந்த 36 பேரும் ஊரை நிரந்தரமாக விட்டுக் கப்பலேறினார்கள். வீட்டுக்கு வீடு பைபிளைத் திறந்துவைத்துப் போனார்கள் என்று உருக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட, ஏன் போனார்கள் என்பதுதான் முக்கியம். முதல் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் வெளியேறிவிட்டார்கள். 1921இல் 73 பேர், 1928இல் 37தான். 1926இல் காய்ச்சலில் நான்கு ஆண்கள் இறந்துவிட்டார்கள். படகு வலிக்கவும், பறவை பிடிக்கப் பாறையில் இறங்குபவருக்குக் கயிறு பிடிக்கவும் ஆள் எங்கே? 1930 ஜனவரியில் ஒரு கர்ப்பிணியும் கடுமையாக நோய்வாய்ப்பட்டார், பின்னர் இறந்தார். அந்த மே மாதமே, எங்களை அழைத்துக்கொள்ளுங்கள் என்று அரசுக்கு மனு எழுதிவிட்டார்கள்.

பதில்:
நல்ல பதிவு சார். இன்னொன்று சேர்க்கிறேன். 1852இலேயே 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள், அதில் பலர் வழியிலேயே இறந்துவிட்டார்கள். ஊர் தேய ஆரம்பித்தது அங்கிருந்துதான் என்பது என் எண்ணம். போதாக்குறைக்கு 19ஆம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி ஏற்பு நோயில் (டெட்டனஸ்) செத்தன.

என்னை அங்கே அசத்தியது தபால். மரத்துண்டைக் குடைந்து, கடிதத்தை உள்ளே வைத்து, ஆட்டுத் தோல்பையை மிதவையாகக் கட்டிக் கடலில் விடுவார்கள். சிலது நார்வே கரையில்கூட ஒதுங்கியிருக்கிறது!

பதில்:
ஆளில்லாத தீவு என்று நினைத்துப் போகாதீர்கள். 1957 முதல் ராணுவத்தின் ஏவுகணைக் கண்காணிப்பு நிலையம் விரிகுடா ஓரத்திலேயே இருக்கிறது. பழைய தெருவில் நிற்கும்போது கண்ணை உறுத்துகிறது. அப்புறம், காற்று திரும்பினால் படகு கிளம்பாது. கைவசம் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.